முப்பதாவது புத்தகம்

கிறிஸ்டினா: கையெழுத்து அப்புறம். மொதல்ல புக்கக் குடு, அம்பரீன்.

அம்பரீன்: முடிச்சிட்டேன்னு சொல்றேன்ல? நோட்டுல எழுதிக்கோ... முப்பது.

கிறிஸ்டினா: இங்கிலீஷ் கிளாஸ் புக்கு பொட்டிக்கு நான்தான பொறுப்பு? புக்கு திரும்பி வராம எப்படி எழுதறது? இன்னாத்துக்குடி பையிலயே கைய வெச்சினு நிக்கற?

அம்பரீன்: நாளைக்குத் தரேனே...

கிறிஸ்டினா: இன்னிக்குத்தான் கடைசி. முப்பது இங்கிலீஷ் புக்கு முடிச்சவங்கள்ள ஒருத்திதான் திங்கக்கெழம ஷூ வாங்க வர்ற வெளிநாட்டு பையருக்கு நம்ம கம்பெனி ஷூ லைன சுத்திக் காட்டப் போறா. நான் எப்பவோ முடிச்சிட்டேன்...

அம்பரீன்: ஆறே வாரத்துல. தெரியும். ஆம்பூருக்கே தெரியும்.

கிறிஸ்டினா: வயித்தெரிச்சலா? குடு இப்படி... அடிப்பாவி! இன்னா இது, பக்கம் பூரா செவப்பு அம்பு?

அம்பரீன்: ஷூவுல டேமேஜுக்கு ஒட்டுவோமே, அந்த ஸ்டிக்கர். தெரியாத வார்த்தைக்கெல்லாம் ஒட்டினேன்.

கிறிஸ்டினா: தெரியாதத வுட்டுட்டு கதையப் புடிச்சினு போங்கன்னுதான சார் சொன்னாரு?

அம்பரீன்: நாலு வருசமா செக்கிங்ல நிக்கறேன். தோல்ல ஒரு சுருக்கத்தக்கூட வுட்டதில்ல. வார்த்தைய வுடுன்னா கை கேக்குதா?

கிறிஸ்டினா: பிச்சா பேப்பரும் சேந்து வருது... இது கணக்குல வராது. பேஜார் பண்ணாத.

அம்பரீன்: இன்னும் பொரட்டு.

கிறிஸ்டினா: பக்கம் பத்து... பதினொண்ணு... பன்னெண்டு... இன்னாடி, அதுக்கு மேல ஒண்ணுமே இல்ல? ஸ்டிக்கர் தீந்துடுச்சா?

அம்பரீன்: பாதி ரோல் இருந்துச்சு. ஒட்ட மறந்துட்டேன். கதையில ஆத்துல வெள்ளம், அக்கரையில அவ தம்பி, அந்தப் பொண்ணு தனியா படகுல ஏறிட்டா... அப்புறம் எங்க ஒட்டறது? அம்மா கூப்ட்டதுகூட காதுல வுழல.

கிறிஸ்டினா: படிச்சியோ, சும்மா பொரட்னியோ!

அம்பரீன்: கேளு. இங்கிலீஷ்லயே சொல்றேன். பையர் முன்னாடியும் இப்படித்தான் நிப்பேன்.

கிறிஸ்டினா: வேணாம்... தமிழ்ல சொல்லு.

அம்பரீன்: நடு ஆத்துல துடுப்பு ஒடஞ்சிடுது. கயித்த இடுப்புல கட்டினு குதிக்கறா. படகு அடிச்சினு போவுது...

கிறிஸ்டினா: ஐயோ! அப்புறம்?

அம்பரீன்: என்னையா கேக்கற?

கிறிஸ்டினா: சொல்லுடி! தம்பி இன்னா ஆனான்?

அம்பரீன்: கிறிஸ்டினா... இந்த நோட்டுல உன் பேருக்கு நேரா ரெண்டாவதா முடிச்சதா இருக்கறதே இந்தப் புக்குதான்.

கிறிஸ்டினா: பின் அட்டையில அவ படகுல ஏறற வரைக்கும்தான்டி போட்டிருக்கு. முப்பதுலயும் நான் அட்டையத்தான் படிச்சேன்... பேனா குடு. உனக்கு முப்பது போடறேன், என் பேர அடிச்சிடறேன். மொதல்ல சொல்லு, கரை சேந்தாளா இல்லியா?