ஒற்றைப்பனை உச்சியில் ஒரு லாந்தர்

ஐயா, உங்கள் ஸ்டேஷனில் மோர் நன்றாக இருக்கிறது. கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டிருக்கிறார்கள். உட்காரச் சொன்னதும் நல்லதாயிற்று. நின்றுகொண்டு பேசினால் எனக்குச் சாமி வந்துவிடும், பிறகு உங்களுக்குத்தான் சிரமம்.

என் பெயர் தவசி. அவனியாபுரத்துக்குத் தெற்கே ஒற்றைப்பனை முனிக்குப் பூசாரி. யுத்தத்துக்காக அங்கே ஏரோப்ளேன் தளம் போட்டபோது எங்களுக்கு ஒரு சட்டம் வந்தது. ஏரோப்ளேன் ஓட்டுக்கூரை மாதிரிச் சரிவாக இறங்குமாம். அந்தச் சரிவுக்குள் மரமோ மாடியோ தலை நீட்டக் கூடாதாம். தென்னைகள் போயின. பக்கத்து வீட்டுக் காசிமாயன் ஆசை ஆசையாகக் கட்டிய மச்சை அவனே இடித்தான். காற்றுக்கு முற்றத்தில் படுத்துக்கொள்ளலாமே என்று ஆறுதல் சொன்னேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை.

பிறகு பனைக்கு வந்தார்கள். அளக்க வந்த ஓவர்சியர் திருநீறு பூசுகிறவர். உத்தரவு கேட்காமல் முனி குடியிருக்கும் மரத்தைத் தொட அவருக்கே பயம். பூக்கட்டிப் பார்க்கலாம் என்றேன். வெள்ளைப் பூ வந்தால் வெட்டலாம், சிவப்பு வந்தால் கூடாது. அவரே கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்தார். சிவப்பு. இரண்டிலுமே நான் செவ்வரளிதான் மடித்திருந்தேன். முனியின் மனசு எனக்குத் தெரியும்போது அவரை எதற்குச் சோதிப்பது?

ஓவர்சியர் மேலிடத்தில் மன்றாடி மரத்தைக் காப்பாற்றினார். ஆனால் உச்சியில் கப்பி மாட்டி, பொழுது சாயும்போது சிவப்புக் கண்ணாடி லாந்தர் ஏற்ற வேண்டும் என்றார்கள். அதற்கு சுலைமான் என்று ஒருவனைப் போட்டார்கள். தங்கமான ஆள். கோயில் பக்கம் செருப்போடு வரமாட்டான்.

அங்கேதான் வினை வந்தது. காசிமாயன் ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டான்.

"என்ன அண்ணே, முனிக்கே லாந்தர் புடிக்க ஆள் போட்டாச்சா? பாவம், அவருக்கும் கண்ணு மங்கிருச்சு போல."

ஊரே சிரித்தது. முன்பெல்லாம் பனையைத் தொட்டுச் சத்தியம் செய் என்றால் திருடன் வேட்டியை நனைப்பான். இப்போது காணிக்கைக் கோழிகூட வருவதில்லை. எனக்கு வயிறு எரிந்தது, ஐயா. பட்டினியால் இல்லை. முனியைப் பார்த்து ஒருவன் சிரிப்பதா?

அன்று மேகம் மூட்டமாக இருந்தது. சுலைமான் லாந்தரை ஏற்றிவிட்டு வந்தான். "அண்ணே, மஃரிப் தொழுதுட்டு வாரேன், செத்த பாத்துக்கங்க" என்று கேட்டுக்கொண்டு கண்மாய்க் கரைப் பக்கம் போனான். நான் கயிற்றைத் தளர்த்தி லாந்தரை இறக்கினேன், ஊதினேன், மறுபடி ஏற்றிக் கட்டினேன். சாமிக்கு ஏற்றியதைத் தரையில் போட்டுவைப்பது மரியாதை இல்லை. அந்நேரத்துக்கு ஒரு ஏரோப்ளேன் இறங்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

இடித்த வேகத்தில் பனங்கொண்டை போயிற்று, மரம் நின்றது. ஏரோப்ளேன் வயலில் விழுந்தது. உள்ளே இருந்த இரண்டு பேரும், புல் அறுத்துக்கொண்டிருந்த முத்துத்தாயும் இறந்தார்கள். முத்துத்தாய் எனக்கு ஒன்றுவிட்ட தங்கை. நல்ல பிள்ளை. அவளுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் நான்தான் முன்னின்று செய்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்த கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். திருப்பரங்குன்றத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டி வந்தார்கள். காசிமாயன் கிடா வெட்டினான். நிமிர்ந்து பார்க்கவே பயந்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

அப்புறம் நீங்கள் சுலைமானைப் பிடித்துவிட்டீர்கள். தான்தான் மண்ணெண்ணெயைக் குறைத்து ஊற்றிவிட்டோம் என்று அவன் அழுகிறானாம். என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனதைக்கூடச் சொல்லவில்லையாம். அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் ஊர் என்ன பேசுகிறது? எல்லாம் விளக்குக்காரன் கவனக்குறைவாம், முனிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். போன வெள்ளிக்கிழமை ஒரு தேங்காய்கூட உடையவில்லை.

அதற்காகத்தான் இவ்வளவு தூரம் நடந்து வந்தேன். சுலைமானை விடுவதும் வைத்துக்கொள்வதும் உங்கள் பாடு. விளக்கை அணைத்தது முனிதான் என்று மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். ஊதியது நான். அவருக்கு ஏது ஐயா மூச்சு?