எலிக்குக் கிடைத்த விடை

அவையைத் தாங்கி நடத்தும் தலைவர் அம்மா அவர்களே! ஒரே நோய் கண்ட பிள்ளைகளைப் பெற்ற துயரால் ஒரு குடும்பமாகிப்போன சங்கத்துப் பெரியவர்களே! பேரப்பிள்ளையைத் தோளில் சுமந்து படியேறி வந்த தாத்தாக்களே! தூக்கம் தொலைத்த கண்களோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! சக்கர நாற்காலியில் வந்திருக்கும் என் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் ஓர் ஆராய்ச்சிக்காரியின் தலைதாழ்ந்த வணக்கம்.

எனக்குப் பின்னால் "வெற்றி விழா" என்று எழுதிக் கட்டியிருக்கிறீர்கள். வேண்டாம் ஐயா, கைதட்டாதீர்கள். நான் பேசி முடித்த பிறகு தட்டத் தோன்றினால் தட்டுங்கள். தோன்றாது.

என் தம்பிக்கு ஒரே மகள். வீட்டில் அவளைச் சிட்டு என்போம். சிட்டாய்ப் பறந்தவள், பள்ளிக்கூட வாசலில் காரணமில்லாமல் விழுந்தாள். எழுந்தாள், மறுபடி விழுந்தாள். நடை தடுமாறியது, நாக்கு தடுமாறியது, பென்சில் பிடித்த விரல் தடுமாறியது. உங்கள் வீட்டில் நடந்ததேதான். மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார். ஏதோ ஒரு மரபணுவில் கோளாறு என்றார். எந்த மரபணு என்று சொல்லவில்லை, ஏனென்றால் அது யாருக்கும் தெரியாது.

நானோ எலிகளை வளர்த்து மரபணுவைத் தேடுபவள். என் கூண்டுகளில் ஒரு வகை எலி, நடக்கத் தொடங்கியதுமே தள்ளாடும். அப்படியே சிட்டுவின் நடை! அந்த எலியின் கோளாறு பிடிபட்டால் என் பிள்ளையின் கோளாறும் பிடிபடாதா? பிடிபடும் என்று நம்பினேன். நம்பாமல் எப்படி இருப்பேன்? நான் அத்தையல்லவா?

எப்படித் தேடினோம்? மரபணுக்கள் வரிசையாகக் கோத்த இழைகள் நமக்குள் இருக்கின்றன: தாயிடமிருந்து ஓர் இழை, தந்தையிடமிருந்து ஓர் இழை. அடுத்த தலைமுறைக்குப் போகும் முன், இரண்டும் அருகருகே படுத்து, முறிந்து, துண்டு மாற்றி ஒட்டிக்கொள்ளும். அதற்கு மறுசேர்க்கை என்று பெயர். இழையில் தள்ளி இருக்கும் பண்புகள் எளிதில் பிரியும். நெருங்கி இருப்பவை சேர்ந்தே பயணிக்கும். எவை பிரிகின்றன, எவை பிரியவில்லை என்று பார்த்துப் பார்த்தே மரபணு வரைபடம் வரைகிறோம். எங்கள் தள்ளாடும் எலிகளுக்கெல்லாம் வயிறு வெள்ளை. ஆகவே கோளாறு அந்த வெள்ளைக்குப் பக்கத்தில். எவ்வளவு பக்கத்தில்? இரண்டும் பிரிந்த ஓர் எலி பிறந்தால்தான் தெரியும்.

பிறந்ததா? இல்லை! இழை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி முறிவதில்லை, தாய்மார்களே. சில இடங்கள் அடிக்கடி முறியும். சில இடங்கள் கல்லாய் நிற்கும். எங்களுக்கு வாய்த்தது கல். ஈற்றுக்கு ஈற்று குட்டிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம். வெள்ளை வயிறு, தள்ளாட்டம். வெள்ளை வயிறு, தள்ளாட்டம்.

சிட்டு கேட்பாள்: "அத்தை, என் எலி பொறந்திருச்சா?"

"இன்னும் இல்லடா கண்ணு."

"சீக்கிரம் வரச் சொல்லு. எனக்கு ஸ்பூன் பிடிக்க வரமாட்டேங்குது."

ஒருநாள் பிறந்தது! வயிற்றில் வெள்ளையே இல்லாமல் தள்ளாடும் குட்டி! அந்த முறிவு ஒரு பக்க எல்லையைக் காட்டியது. பின்னால் பிறந்த இன்னொன்று மறுபக்க எல்லையைக் காட்டியது. நடுவில் அகப்பட்ட மரபணுக்களை ஒவ்வொன்றாய்ப் படித்தோம். ஒன்றில் எழுத்து பிசகியிருந்தது. நீங்கள் பத்திரிகையில் பார்த்த செய்தி அதுதான்.

பத்திரிகை சொல்லாததை நான் சொல்கிறேன். அதே மரபணுவைச் சிட்டுவின் ரத்தத்தில் படித்தேன். நீங்கள் நம்பிக் கொடுத்த உங்கள் பிள்ளைகளின் ரத்தத்திலும் படித்தேன். பிசகில்லை. ஒரு பிள்ளையிடத்திலும் பிசகில்லை. எலி தள்ளாடியது ஒரு காரணத்தால், நம் பிள்ளைகள் தள்ளாடுவது வேறொரு காரணத்தால்.

"இன்னொரு தடவை பாத்தீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு தந்தை கேட்கிறார். பார்த்தேன் ஐயா. வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பியும் பார்த்தேன். அதே விடை.

தம்பி வீட்டுச் சமையலறையில் நின்று இதைச் சொன்னேன். அவன் அடுப்பை அணைத்தான். "அப்போ எலிக்கு மருந்து வந்துரும், இல்லக்கா?" என்றான். அவன் கிண்டல் செய்யவில்லை, அவையோரே! கிண்டல் செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, சிட்டு வயித்துல இருந்தப்ப நான் மாடிப்படி ஏறி இறங்கினேன், தலைவலி மாத்திரை போட்டேன். என்னாலதானா?"

தாய்மார்களே! இந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் விடை உண்டு. ஒரு பெண்ணின் கருமுட்டைகளில் அந்த இழைகள் துண்டு மாற்றிக்கொள்வது எப்போது தெரியுமா? அவளே தன் தாயின் வயிற்றில் கிடக்கும்போது! எலியிலும் அப்படி, உங்களிலும் அப்படி. அந்தத் துண்டு மாற்றம் நடந்தபோது நீங்கள் மாடிப்படி ஏறவில்லை, மாத்திரை விழுங்கவில்லை, மண்ணை மிதிக்கவில்லை, மூச்சே விடவில்லை! பிறக்காதவள் என்ன பிழை செய்வாள்? கண் திறக்காதவள் எதைத் தடுத்திருப்பாள்? இனி யாராவது விரல் நீட்டிக் குற்றம் சொன்னால் எழுந்து நின்று இதைச் சொல்லுங்கள்!

அவளிடமும் சொன்னேன். அழுகை நிற்கவில்லை. "அப்போ நான் யாரைத்தான் திட்டுறது, அண்ணி?" என்றாள். அதற்கு எந்த வரைபடத்திலும் விடை இல்லை.

சிட்டு இப்போது எதையும் கேட்பதில்லை. நாக்கு எழவில்லை. நான் அறைக்குள் போனால் கண்கள் மட்டும் என் பின்னால் வருகின்றன. அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இனித் தேடுவேனா? தேடுவேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமலே தேடுவேன். உங்கள் பிள்ளைகள் இருக்கும்போதே கிடைக்குமா? வாக்குத் தர மாட்டேன். தந்தால் அது பொய். உங்களிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வராது.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. இதோ, கீழே இறங்கி உங்கள் வரிசைக்கே வருகிறேன். கேட்க வேண்டியதைக் கேளுங்கள், திட்ட வேண்டியதைத் திட்டுங்கள். திட்ட ஓர் ஆளாவது இருக்கட்டும். வணக்கம்.