முறைத் தண்ணீருக்கு ஒரு சர்டிபிகேட்

சீர்காழி பஸ்ஸில் என் முன் இருக்கையில், எம்.ஏ. வரலாறு படிக்கும் இரண்டு பெண்கள். ஒருத்திக்கு நாற்பது இருக்கும்.

"டாக்டர் சர்டிபிகேட் இல்லாம லீவை ஏத்துக்க மாட்டாங்கக்கா. பரீட்சை எழுத விடமாட்டாங்க. காய்ச்சல்னு எழுதி வாங்கிடுங்க."

"எனக்கு எங்க காய்ச்சல்? அவர் குவைத்துல இருக்காரு. எங்க வாய்க்காலுக்கு முறைத் தண்ணி வந்த மூணு நாளும் வயல்ல நான்தானே நிக்கணும்?"

"தண்ணி வந்ததுக்கு யாருக்கா சர்டிபிகேட் குடுப்பா?"

"மதகு திறந்துவிடுற லஸ்கர்ட்ட எழுதி வாங்கிட்டேன். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்காரு."

சின்னவள் அந்தக் காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

"காலேஜுல ஒத்துக்குவாங்களா?"

"தெரியல. லஸ்கர்தான், 'பரீட்சைத் தேதிய முன்னாடியே சொல்லிடும்மா, உன் முறைய வேற நாளைக்கு மாத்தித் தர்றேன்'னாரு."