ஆர்டெல் பிகெட் என்று அறிவிக்கப்பட்டவர்

பெரியோர்களே, முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை இரவுகளில் ஆளுக்கொரு பேய்க் கதை என்ற நம் வழக்கத்தில் இன்று என் முறை. கூட்டத்தில் பேச எனக்கு நாக்கு எழாது. ஆகவே எழுதி வந்திருக்கிறேன். பள்ளி அறிக்கைகளைத் தவிர வேறெதையும் இதுவரை எழுதியதில்லை; பிழைகளைப் பொறுத்தருள வேண்டும். விளக்கைச் சற்றுத் தணித்தால் நன்றியுடையவளாவேன்… எனக்கு எழுத்துத் தெரியுமளவு மட்டும் இருக்கட்டும்.

இது, மெம்பிஸில் என்னுடன் பணியாற்றும் வெர்னாவின் சித்தப்பா லெமுவேலுக்கு நேர்ந்தது.

அக்டோபர் மாதம். இரவு இரண்டே முக்கால். கிளார்க்ஸ்டேலிலிருந்து கிரீன்வுட் செல்லும் சாலை. இருபுறமும் பறித்து முடித்த பருத்திக் காடு… ஒரே ஒரு கார். ஓட்டியவர் கிட்டார்காரர் ஹோசியா. பக்கத்தில் லெமுவேல், நீலக் கோட்டில்.

அந்தக் கோட்டுக்கு உரியவர் ஆர்டெல் பிகெட். லெமுவேலின் பெரியம்மா மகன். அவ்வாண்டு ஏப்ரலில் நிமோனியாவில் இறந்துபோனவர்.

ஆர்டெல் வாழ்நாளில் ஒரே ஒரு பாட்டால் அறியப்பட்டவர். ‘லொரேன், மழை நின்றபின்.’ முந்தைய கோடை முழுவதும் ரிதம் அண்ட் புளூஸ் இசை ஒலிபரப்பும் வானொலிகள் அதையே ஒலித்தன. அடுத்து வந்த மூன்று இசைத்தட்டுகளை எவரும் சீந்தவில்லை. ஆயினும் அந்த ஒன்றின்மேல் அவர் பெயர் அச்சாகியிருந்தது. பாட்டின் நடுவே, பதினோரு வினாடிகள், பின்னாலிருந்து ஒரு தாழ்ந்த குரல் வரும். ஊ… ம்… அது லெமுவேல். அவர் பெயர் எங்கும் இல்லை.

“அந்த ஊ இல்லாட்டி அது பாட்டே இல்ல. ஒருத்தனுக்காவது தெரியுமா?” என்று முடிதிருத்தும் கடையில் கேட்பாராம்.

“ஊன்னு மாடு கூடத்தான் கத்தும், லெமு!”

எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். ஆர்டெல் நோயில் கிடந்தபோதும், அவரைப் பார்க்க எத்தனை பேர் வந்தார்கள் என்றுதான் லெமுவேல் எண்ணிக்கொண்டிருந்தாராம்.

ஆர்டெல் இறந்தபின், நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் ஒருவர் லெமுவேலைத் தேடி வந்தார். சிற்றூர்க்காரர்கள் ஆர்டெலின் குரலைக் கேட்டிருந்தார்கள், முகத்தைக் கண்டதில்லை. ஒற்றைப் பாட்டுக்காரர்களின் பெயரில் வேறு ஆட்களை மேடையேற்றுவது அத்தொழிலில் நடப்பதுதான்.

“பேரு அவனுது, வாய் உன்னுது. யாரு வந்து கேக்கப் போறா?” என்றார் அவர்.

லெமுவேல் கோட்டைக் கேட்டு ஆர்டெலின் மனைவி ஐடெல்லாவிடம் போனார்.

“கோட்ட எடுத்துக்க, தம்பி. பாட்டையும் எடுத்துக்க. பேர மட்டும் விட்டுரு. உன் பேர்லயே பாடு.”

“என் பேருக்கு யாரு டிக்கெட் வாங்குவா, அண்ணி?”

அந்த அக்டோபர் இரவு கிளார்க்ஸ்டேல் மேடையில் லெமுவேலைப் பார்த்து முந்நூறு பேர் “ஆர்டெல்! ஆர்டெல்!” என்று கத்தினார்கள். ஒரு பெண் அவர் கையை முத்தமிட்டாள். காரில் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். அப்போது ரேடியோவில் அந்தப் பாட்டு.

“சும்மா இருடா, நம்ம இடம் வருது.” லெமுவேல் ஒலியைக் கூட்டினார்.

ஆர்டெலின் குரல் ஏறியது… இறங்கியது… அந்த இடம் வந்தது.

டக்… டக்… டக். டிரம் மட்டும்.

ஊ இல்லை. அங்கே யாரோ மூச்சிழுக்கும் ஓசை. சளி கட்டிய நெஞ்சின் மூச்சு… காருக்குள் கற்பூரத் தைல வாசனை. நோய்ப்படுக்கையில் ஆர்டெலின் மார்பில் தடவிய அதே தைலம்.

“லெமு… உன் குரல் எங்கடா?”

“ஸ்டேஷன்ல ஏதோ கோளாறு. நீ ஓட்டு.”

கிரீன்வுட்டில் சாலையோர உணவுக்கடை. அங்கே காசு போட்டால் பாடும் பெட்டி. போட்டார். இல்லை. மறுபடி மறுபடி போட்டார். இல்லை.

“அண்ணே, இதோட நாலு தடவ! வேற பாட்டே இல்லயா?” என்றான், பொரித்த மீன் தின்றுகொண்டிருந்த ஒருவன்.

“நடுவுல ஒரு ஊ வருமே… ஞாபகம் இருக்கா?”

“அப்படி ஒண்ணு எப்பவும் கெடையாதே.”

மறுநாள் மேடை. “இதோ, ஆர்டெல் பிகெட்!” என்று அறிவித்தார்கள். லெமுவேல் வாயைத் திறந்தார். வந்தது அவர் குரலன்று… தட்டில் உள்ளபடியே, மூச்சுக்கு மூச்சு, ஆர்டெல். கூட்டம் எழுந்து நின்றது. ஹோசியா கிட்டாரைக் கீழே வைத்துவிட்டார். பாட்டு முடிந்தது. “நான் லெமு… நான் லெமு…” என்று அந்தக் குரலே சொல்லிற்று.

காலையில் ஹெலினாவிலுள்ள தாயிடம் ஓடினார். சர்க்கரை நோயால் பார்வை போனவர் அத்தாய். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா…”

உரித்த கை நின்றது.

“ஆர்டெலா? உன்னப் பொதச்சு ஆறு மாசம் ஆச்சே, ராசா… இன்னும் எதுக்குய்யா அலையிற? லெமு வீட்டுல இல்ல.”

அவர் கையை நீட்டினார். தாய் தொடவில்லை.

“வேணாம்யா. சில்லுன்னு இருக்கும்.”

காரணம் எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுதுவது முறையுமாகாது. இழந்தவற்றை மட்டும் சொல்லி அமர்கிறேன். ஓர் இசைத்தட்டில் பதினோரு வினாடிகள். லெமுவேலின் குரல். ஹோசியாவின் தொழில், அதன்பின் அவர் கிட்டாரைத் தொடவில்லை. ஒரு தாய்க்கு ஒரு மகன்… அவன் கையால் ஊட்டிய சோளக் கஞ்சியை விழுங்கிக்கொண்டே, பதினாறு ஆண்டுகள், சாகும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தாராம்: “லெமு எப்பய்யா வருவான், ஆர்டெலு?”