நானூறு கடந்தால் லைட்டு

அண்ணி: கூன் போட்டு நடக்கணும்னா முதல்லயே சொல்லக்கூடாதா? பாதி ரோடு வந்தாச்சு!

நாத்தனார்: சொன்னேனே அண்ணி! சிவப்புக் கோட்டுன்னா பேங்க் ஆபீசர். சாம்பல் சால்வைன்னா கிழவி.

அண்ணி: பேங்க் ஆபீசர் போன தடவைதானே போனா?

நாத்தனார்: அதான் சொல்றேன், இப்ப கிழவி. குனிங்க!

அண்ணி: குனிஞ்சா குத்துதுடி. ஓரம் அடிக்கிறதுக்குக் குண்டூசி குத்தி வெச்சிருக்கேன். நாளைக்கு டெலிவரி குடுக்க வேண்டிய சால்வை இது.

நாத்தனார்: குத்தட்டும். முகம் தானா கிழவி மாதிரி ஆயிடுது.

அண்ணி: அடிப்பாவி... கையை விடாதே. இடது பக்கம் வா. எனக்கு இடது பக்கம்.

நாத்தனார்: அங்கதான் இருக்கேன். மெதுவா... மேடு வருது, காலைத் தூக்குங்க. ம், வந்தாச்சு.

அண்ணி: அப்பாடா! அந்த மனுஷன் தட்டினாரா?

நாத்தனார்: யாரு, குடைக்காரரா? கையில வெச்சிருக்கிற எண்ணுற மெஷின்ல ரெண்டு தட்டு தட்டினார். டிக், டிக். நாம ரெண்டு பேரும் கணக்குல ஏறியாச்சு.

அண்ணி: காலையிலருந்து அதே ஸ்டூல், அதே குடை. எங்கதான் பிடிச்சாங்களோ நகராட்சியில இவரை! என் தையல் மெஷின்கூட நடுவுல ஒரு தடவை மக்கர் பண்ணும்.

நாத்தனார்: பேசிட்டே நிக்காதீங்க அண்ணி. மத்தியானச் சங்கு ஊதுறதுக்குள்ள நானூறு வரணும். இல்லேன்னா சிக்னல் லைட்டு கேட்டு நாம குடுத்த மனுவைத் தூக்கிப் பரண்ல போட்டுடுவாங்க. அப்புறம் மூணு வருஷத்துக்கு வாயே திறக்க முடியாது.

அண்ணி: நானூறுக்கு எங்கடி போறது? நம்ம தெருவை மொத்தமா உலுக்கினாலும், மருந்துக்கடைக்காரர் நாயையும் சேர்த்து, அதுல பாதி தேறாதே!

நாத்தனார்: இந்த ரோட்டைக் கடக்கப் பயந்துட்டு எல்லாரும் சுத்திப் போறாங்க. அவங்க என்னன்னா, யாருமே கடக்கிறதில்லையே, உங்களுக்கு எதுக்கு லைட்டுன்னு கேட்கிறாங்க.

அண்ணி: நல்ல நியாயம்! நீச்சல் கத்துக்கிட்டு வா, அப்புறம் குளத்துல தண்ணி விடுறேன்னு சொல்ற மாதிரி.

நாத்தனார்: சரி, இப்ப திரும்பிப் போகணும். சால்வையை உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி போட்டுக்கோங்க. கண்ணாடி மாட்டிக்கோங்க. இப்ப நீங்க ரிட்டையர்டு டீச்சர்.

அண்ணி: நீ?

நாத்தனார்: நான் தொப்பியும் இந்தக் காக்கிக் கோட்டும் போட்டுக்கிறேன். கூரியர் குடுக்கிறவ.

அண்ணி: அந்தக் கோட்டுக்கு இன்னும் ஒரு கை தைக்கலைடி!

நாத்தனார்: அவசரக் கூரியர் அண்ணி. வாங்க, வாங்க, ரோடு காலி... இப்ப!

அண்ணி: பிடிச்சுக்கோ... பிடிச்சுக்கோ... ஏய், சிரிக்காதே, எனக்கும் சிரிப்பு வருது. ரிட்டையர்டு டீச்சர் ரோட்டுல சிரிக்க மாட்டாங்க.

நாத்தனார்: மேடு. ம், ஏறிட்டோம். கடைக்குள்ள ஓடுங்க! அடுத்தது என்ன இருக்கு?

அண்ணி: நீல மழைக்கோட்டு ஒண்ணு இருக்கு. அப்புறம் கல்யாண உடுப்பு. அதைத் தொடாதே, சொல்லிட்டேன்! பொண்ணு வந்து கேட்டா நான் எங்க போய் முட்டிக்கிறது?

நாத்தனார்: மழைக்கோட்டு போதும். வெயில் மண்டையைப் பிளக்குது, ஆனா பரவாயில்லை. அண்ணி, மேஜை! இடது பக்கம் மேஜை இருக்கு...

அண்ணி: ஆ! தெரியும், தெரியும். இந்த மேஜையை யாரு இங்க நகர்த்தினது?

நாத்தனார்: அது அஞ்சு வருஷமா அங்கதான் இருக்கு.

அண்ணி: ...அவசரத்துல கவனிக்கலை. நீதான் ஓட ஓட விரட்டுறியே! வா, வா.

நாத்தனார்: பதட்டப்படாம போகணும். இயல்பா. ஏதோ கடைக்குப் போற மாதிரி...

குடைக்காரர்: அம்மா, ஒரு நிமிஷம்.

அண்ணி: ஐயய்யோ!

நாத்தனார்: திரும்பாதீங்க அண்ணி. நம்மளை இல்லை.

குடைக்காரர்: உங்களைத்தான்மா. நீல மழைக்கோட்டு. பக்கத்துல ஒத்தைக் கை கூரியர்.

அண்ணி: போச்சு! வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழி உடைஞ்சாச்சு!

நாத்தனார்: என்ன சார்? நாங்க இந்த ஊருக்குப் புதுசு. வழி தெரியாம...

குடைக்காரர்: பேங்க் ஆபீசர், கிழவி, டீச்சர், இப்ப இந்த மழைக்கோட்டு. எல்லாரும் நல்லாத்தான் நடிச்சாங்க. ஆனா நாலு பேருக்கும் ஒரே பச்சைச் செருப்பு. இடது செருப்புல வார் அறுந்து சிவப்பு நூல்ல தைச்சிருக்கு.

அண்ணி: சார்... நான் தையல்காரி. கையில இருந்த நூல்ல தைச்சுட்டேன்.

நாத்தனார்: செருப்பைப் பத்தியா அவர் இப்ப கேட்கிறார்? சார், தப்புதான். எல்லாம் என் யோசனை. அவங்களைத் திட்டாதீங்க. எங்களோடதை மட்டும் கழிச்சுட்டு மத்தவங்களை விட்டுடுங்க சார். அவங்க நிஜமாவே கடந்தவங்க.

குடைக்காரர்: எதுக்குக் கழிக்கணும்?

நாத்தனார்: ஒரே ஆள் திரும்பத் திரும்ப...

குடைக்காரர்: என்னை எண்ணச் சொன்னது எத்தனை தடவை கடக்கிறாங்கன்னு. எத்தனை ஆளுன்னு இல்லை. ஒரே ஆள் நாள் பூரா போயிட்டு வந்தாலும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு தட்டு.

அண்ணி: என்ன... என்ன சொன்னீங்க?

குடைக்காரர்: வேஷமே தேவையில்லைம்மா. சும்மா நடந்தாலே கணக்குதான்.

நாத்தனார்: அப்ப நாங்க கோட்டை மாத்தி, சால்வையை மாத்தி, கடைக்குள்ள ஓடி ஓடி வீணடிச்ச நேரம்?

குடைக்காரர்: அந்த நேரத்துல இன்னும் அறுபது எழுபது தட்டு தட்டியிருப்பேன்.

அண்ணி: இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன சார்? என் இடுப்புல எத்தனை குண்டூசி குத்தியிருக்கு தெரியுமா!

குடைக்காரர்: நீங்க கேட்கலையே. அதுவும் இல்லாம, அடுத்தது என்ன வேஷம்னு பார்க்க எனக்கும் ஆசையா இருந்துச்சு. ஸ்டூல்ல வேற என்ன பொழுதுபோக்கு?

நாத்தனார்: இப்ப எவ்வளவு சார் ஆகியிருக்கு?

குடைக்காரர்: பாதியைத் தாண்டி கொஞ்சம். ஒரு விஷயம் கேட்கணும்னு நினைச்சேன். பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்காகன்னுதானே மனு? காலையில பள்ளிக்கூட நேரத்துலருந்து உட்கார்ந்திருக்கேன், ஒரு பிள்ளையையும் காணோமே?

நாத்தனார்: அது... இன்னைக்கு... அண்ணி, என் ஸ்கூல் வேன் சாவி எங்க? ஹாரன் அடிக்கணும்!

அண்ணி: உன் சாவி உன் கழுத்துல தொங்குது. ஹாரன் எதுக்கு?

நாத்தனார்: தெருவையே எழுப்புறதுக்கு! ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும். காதைப் பொத்திக்கோங்க!

அண்ணி: ஏய், ஏய், போதும்டி! செத்தவன்கூட எழுந்து வந்துடுவான்!

நாத்தனார்: வரட்டும், கணக்குல சேர்த்துக்கலாம். எல்லாரும் வெளியே வாங்க! வேஷம் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்! நடந்தா போதும்! ஒரே ஆள் எத்தனை தடவை வேணாலும்!

அண்ணி: அதோ முடிவெட்டுறவர் வர்றார்! பின்னாடி யாரு, முகமெல்லாம் நுரையோட?

நாத்தனார்: பாதி ஷேவிங்ல கூட்டிட்டு வந்துட்டார். ஒரு கன்னம்தான் வழிச்சிருக்கு!

குடைக்காரர்: ஒண்ணு... ரெண்டு... நுரையோட இருந்தாலும் கணக்குதான்.

அண்ணி: மருந்துக்கடைக்காரர் வர்றார், அவர் பின்னாடி சீட்டோட நின்னவங்க அத்தனை பேரும் வர்றாங்க! கால் கட்டுப் போட்ட அந்தத் தாத்தா ஏன் வர்றார்? ஐயா, நீங்க வேண்டாம், உட்காருங்க!

நாத்தனார்: அவர் கேட்க மாட்டார் அண்ணி. போன மாசம் இதே ரோட்டுலதான் அந்தக் கால் உடைஞ்சுது. பாருங்க, ஊன்றுகோலைக் கொடி மாதிரி தூக்கிட்டு நடக்கிறார்!

அண்ணி: அங்க பாருடி, வீடு மாத்துறவங்க! சோபாவோட கடக்கிறாங்க!

குடைக்காரர்: சோபா கணக்குல வராது. தூக்குறவங்க நாலு தட்டு.

நாத்தனார்: அண்ணே, சோபாவை இறக்காதீங்க! அப்படியே திரும்பி இந்தப் பக்கம் வாங்க! அப்புறம் மறுபடி அந்தப் பக்கம்!

அண்ணி: அவங்களுக்குப் பைத்தியம் பிடிச்சுடும்.

நாத்தனார்: பிடிக்கல அண்ணி, சிரிக்கிறாங்க! நாய்? சார், நாய்?

குடைக்காரர்: நாய் வராதும்மா. கேட்டுட்டீங்களேன்னு ஒரு தடவை யோசிச்சேன். வராது.

அண்ணி: என்ன கூட்டம்டி! பக்கத்து வீட்டுல யாருன்னே தெரியாம இருந்த தெரு இது. இப்ப வண்டியெல்லாம் தானா நிக்குது பாரு! வா, நாமளும் போவோம். நிக்காதே!

நாத்தனார்: இருங்க, என் கையைப் பிடிங்க. ஓடாதீங்க... அண்ணி! அண்ணி, பின்னாடி வாங்க!

அண்ணி: அம்மாடி!

நாத்தனார்: ...ஒண்ணுமில்லை. போயிட்டான். மூச்சை விடுங்க.

அண்ணி: ஸ்கூட்டர்... எங்கிருந்து வந்தான் அவன்? வானத்துலருந்தா குதிச்சான்?

நாத்தனார்: இடது பக்கத்துலருந்து. நேரா ரோட்டுலதான் வந்தான்.

அண்ணி: ஹாரன் அடிச்சிருக்கலாம்ல, கடன்காரன்!

நாத்தனார்: அடிச்சான். கூச்சல்ல கேட்கல.

அண்ணி: ...கையை நசுக்காதேடி. தையல்காரி விரல், உடைஞ்சா யாரு தைப்பா?

நாத்தனார்: என் வேனுக்கு இடது கண்ணாடி உடைஞ்சுபோச்சே, ஞாபகம் இருக்கா? புதுசு மாட்டுற வரைக்கும் உடம்பையே திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டினேன். அப்படிப் பார்த்துட்டு இறங்குங்க அண்ணி. சரியா?

அண்ணி: சரிம்மா டிரைவரம்மா. இப்ப நடக்கலாமா, இல்லை பாடம் எடுக்கப் போறியா?

நாத்தனார்: நடக்கலாம். இந்தத் தடவை நான் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிறேன்.

குடைக்காரர்: முந்நூத்தி எண்பது தாண்டியாச்சு!

அண்ணி: கேட்டியா! டேய் நுரைக்காரா, இன்னொரு தடவை ஓடு! காய்ஞ்சா காயட்டும்!

நாத்தனார்: சோபா அண்ணே, கடைசி ரவுண்டு!

குடைக்காரர்: தொண்ணூத்தி ஆறு... ஏழு... பெரியவரே, மெதுவா வாங்க, காத்திருக்கேன்... எட்டு...

அண்ணி: கடைசி ரெண்டும் நாமடி. மூச்சு வாங்குது, ஆனா நாமதான். நட!

நாத்தனார்: மேடு... ஏறுங்க...

குடைக்காரர்: நானூறு!

அண்ணி: நானூறு! நானூறுடி! ஏய், என்னைத் தூக்காதே, நான் கனம்... கீழே விடு!

நாத்தனார்: கேட்குதா அண்ணி? சங்கு!

அண்ணி: கேட்குது, கேட்குது. என் காதுக்கு ஒண்ணும் ஆகல.

குடைக்காரர்: நான் வர்றேன்மா. நேரா ஆபீசுல போய்க் குடுத்துடுறேன். மனுவுல கேட்ட மாதிரி சத்தம் போடுற லைட்டுதானே? பச்சை விழுந்தா டொக் டொக்குன்னு கேட்குமே, அது?

நாத்தனார்: அதேதான் சார்.

குடைக்காரர்: நல்லது. அந்தச் செருப்புக்குப் பச்சை நூல் போடுங்கம்மா.

அண்ணி: போயிட்டு வாங்க சார், உங்க குடைக்கு ஒரு உறை தைச்சு வெக்கிறேன்! ...நல்ல மனுஷன். ஏய், இங்க வந்து இந்தப் படியில உட்காரு. கூட்டம் கலையட்டும்.

நாத்தனார்: ஏன், என்ன ஆச்சு?

அண்ணி: உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது.

நாத்தனார்: சொல்லுங்க.

அண்ணி: நீ பிள்ளைங்களுக்காக வீடு வீடா ஏறி இறங்கி கையெழுத்து வாங்கினே. எல்லாரும் உன்னை மெச்சுறாங்க. நான் இன்னைக்குக் கிழவி வேஷம் போட்டது பிள்ளைங்களுக்காக இல்லைடி. எனக்காக. சுத்த சுயநலம். இடது பக்கம் ஓரத்துல... தெரியறதில்லை. நேரா இருக்கிறது எல்லாம் தெரியுது. ஊசியில நூல் கோக்கிறேன், அதனால யாருக்கும் சந்தேகம் வரலை. ஓரம் மட்டும் மெல்ல மெல்ல கறுத்துட்டே வருது. தினம் காலையில உன் கூடப் பேசிட்டே கடைக்கு வரலாம்னு வாசல்ல நிப்பேனே... பேச இல்லை. தனியா கடக்கப் பயம்.

நாத்தனார்: அண்ணன்கிட்ட சொல்லலையா?

அண்ணி: சொன்னா, போதும், கடையைப் பூட்டிட்டு வீட்டுல உட்காருன்னுடுவார். அன்புலதான் சொல்வார், ஆனா சொல்வார். அந்தக் கடை போனா நான் யாருடி?

நாத்தனார்: கடை எங்கயும் போகாது. நாளைக்குக் காலையில நான் வேன் எடுக்கல. கண் டாக்டர்கிட்ட போறோம். போனது போகட்டும், இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம். பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க.

அண்ணி: சரி... இரு. வரச் சொல்லியிருக்காங்களா? நான் இப்பதானே சொன்னேன். நீ எப்ப நேரம் வாங்கினே?

நாத்தனார்: போன வாரம்.

அண்ணி: போன வாரமா? ...அப்ப இந்த லைட்டு? அந்த டொக் டொக்கு? உன் வேன் பிள்ளைங்க?

நாத்தனார்: என் வேன் பிள்ளைங்க ஒருத்தர்கூட இந்த ரோட்டைக் கடக்கிறதில்லை அண்ணி. எல்லாரையும் நான் அவங்கவங்க வாசல்லயே இறக்கி விட்டுடுவேன்.