காணாமல் போன கல்யாணம்

வேலூரிலிருந்து பேரணாம்பட்டு போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு நர்ஸ்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

"நேத்து வரைக்கும் என் கல்யாணம் இருந்துச்சுக்கா. இன்னிக்கு காணோம்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காதைத் திருப்ப முடியவில்லை.

"எதுல வெச்சிருந்த?"

"திரும்பத் திரும்ப எழுதுற சிடியில. அதுலயே சின்னவனோட ஞானஸ்நான போட்டோவ சேத்தேன். இப்ப அது மட்டும்தான் தெரியுது. கல்யாணத்து மேலயே எழுதி அழிச்சிட்டேன் போல."

"பழசையும் சேத்துக்கவான்னு கம்ப்யூட்டர் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. அதான் ஏற்கெனவே உள்ள இருக்கேன்னு வேணாம்னு குடுத்தேன்."

பெரியவள் சிரித்தாள். "இதுக்கா இவ்ளோ பேஜார்? அழியல, மறைஞ்சுதான் இருக்கு. நாளைக்கு எடுத்துட்டு வா, நான் எடுத்துக் குடுக்கறேன். ரெண்டையும் சேத்து எழுதும்போது, சிடிய மூடிடவான்னு கேக்கும். மூடாத."

"ஏன்க்கா?"

"மூடிட்டா அப்புறம் எதையும் சேக்க முடியாது. அடுத்த ஞானஸ்நானத்த எங்க போடுவ?"

இளையவள் யோசிக்கவே இல்லை.

"இதுவே மூணாவதுக்கா. மூடிடறேன்."