தண்ணீர் தனி

பரோட்டா வாங்கினால் சால்னா சும்மா வரும். ஆம்லெட் வேண்டுமென்றால் தனியாகக் காசு. செம்மேட்டில் எந்தக் கடையில் வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள், இதை அநியாயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆம்லெட் வாங்காதவன் பசியோடு எழுந்து போவதில்லை. என் கட்சியும் அவ்வளவுதான்.

நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் தாளில் மோசடி என்று போட்டிருக்கிறது சார். அந்தச் சொல்லை மட்டும் நான் ஏற்கவில்லை. நடந்தது எதையும் மறைக்கப் போவதும் இல்லை. இன்ஸ்பெக்டராக இருப்பவருக்கு செல்போன் விளையாட்டு ஆட நேரம் இருக்காது என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

என் பெயர் பூபாலன். இந்த மலையிலேயே, குண்டூர் நாடு என்கிற பகுதியில் பிறந்தவன். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் எட்டு வருடம் செல்போன் விளையாட்டுகள் செய்தேன். அந்தத் தொழிலில் விளையாட்டைச் சும்மா கொடுத்துவிடுவார்கள். உள்ளே போய் நன்றாக ஒட்டிக்கொண்ட பிறகு ஒரு கதவு பூட்டியிருக்கும். திறக்கக் காசு. புது ஊர், புதுச் சட்டை, புது எதிரி எல்லாமே தனி. ஆடுகிறவர்கள் கண்டபடி திட்டுவார்கள். அந்தத் திட்டில் பாதி நியாயம் என்று எனக்கே தோன்றும். விளையாட்டை வெளியிட்ட பிறகு உட்கார்ந்து உழைத்துப் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் அதற்குக் காசு கேட்கலாம். முன்பே செய்து முடித்ததை வெட்டியெடுத்து ஒளித்து வைத்து, பிற்பாடு புதுசு மாதிரி விற்றால் அது களவு. இதை மேலதிகாரிக்கு இரண்டு பக்கம் மெயில் எழுதி அனுப்பினேன். அடுத்த மாதம் ஆட்குறைப்புப் பட்டியலில் என் பெயர் இருந்தது. எனக்கு வருத்தமில்லை. மனிதனுக்குக் கொள்கை முக்கியம்.

ஊருக்கு வந்து சொந்தமாக ஒரு விளையாட்டு செய்ய ஆரம்பித்தேன். எங்கள் மலையேதான் விளையாட்டு. ஆடு மேய்க்க வேண்டும், சாமை விதைக்க வேண்டும், மரவள்ளி பிடுங்க வேண்டும், மிளகு பறிக்க வேண்டும். ஆடுகிறவர்தான் வீட்டுக்குப் பெரியவர். கூடமாட உதவ ஒரு மகன் இருப்பான். அந்த மகனுக்கு என் அத்தை மகன் கார்த்தியின் முகத்தையும் குரலையும் எடுத்துக்கொண்டேன். கார்த்தி பிக்கப் வண்டி ஓட்டி, பலாவும் அன்னாசியும் கீழே இறக்கிக்கொண்டிருந்தான். லோடு இல்லாத நாளில் என் வீட்டு மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து பேசிக் கொடுப்பான். “அம்மா, சோறு ஆச்சா?” என்பதை மட்டும் இருபது விதமாகச் சொன்னான். நாங்கள் சிரித்த சிரிப்பில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போனது.

எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றையும் அதில் வைத்தேன். எங்கள் பக்கம் வீட்டுக்குள் சண்டை வந்தால் மன்னிப்பு என்று யாரும் வாயால் கேட்பதில்லை. பேசக்கூடாததைப் பேசியவர் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்ட வேண்டும். மற்றவர் அதை வாங்கிக் குடித்துவிட்டால் சண்டை தீர்ந்தது, பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. குடிக்காமல் போனால் மனதில் வைத்திருக்கிறார் என்று அர்த்தம். விளையாட்டிலும் அப்படியே. ஆட்டைச் சாமைக் காட்டில் விட்டால் மகனுக்குக் கோபம் வரும், சொம்பை நீட்ட வேண்டும்.

ஆடி மாதம் கார்த்தி இறந்துபோனான். பலா லோடோடு கீழே இறங்கும்போது கொண்டையூசி வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை, நீங்களே வந்து பார்த்தீர்கள். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. கார்த்தி எனக்கு உயிர் மாதிரி. துக்கத்தில் வேறொன்றும் செய்யத் தோன்றாமல், அவன் சொம்பு வாங்கித் தண்ணீர் குடிக்கும் காட்சியைச் செய்து முடித்தேன். என் எட்டு வருட வேலையில் அதற்கு இணையாக ஒன்று செய்ததில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவனுடைய அம்மா ராஜாமணி அத்தை என் வீட்டுக்கு வந்தார்.

“ஏஞ் சாமி, உன்ற போன்ல அவன் பேசறானாமே?”

எடுத்துக் காட்டினேன். முற்றத்துக் கல்லில் உட்கார்ந்து பார்த்தார். அழவில்லை. அவனுடைய துண்டின் கரை சரியாக வந்திருக்கிறதா என்றுதான் கவனித்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அன்று காலையில் பெண் பார்த்த விஷயமாக அவனோடு சண்டை. “போறவன் அப்படியே போயிரு” என்று சொல்லிவிட்டார். சொன்ன வாயோடு சொம்பை எடுத்து நீட்டியிருக்கிறார். அவன் வாங்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

“கோவத்தோடவே போயிட்டானா கண்ணு? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்” என்றார். பிறகு போனைத் தொட்டு, “இதுல தண்ணி குடுத்தாக் குடிப்பானா?” என்று கேட்டார்.

குடிப்பான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எட்டு வருடம் ஒரு தொழிலில் இருந்தவனுக்குச் சில பழக்கங்கள் வந்துவிடும். ஆடுகிறவருக்கு ஒன்று இவ்வளவு வேண்டியிருக்கிறது என்று தெரிந்தால் கை தானாகப் பூட்டைத் தேடும்.

“அது இன்னும் வரலீங்க அத்தை” என்றேன்.

அந்தக் காட்சியை அன்றைக்கே தனியாக எடுத்து வைத்தேன். சொம்பை நீட்டினால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வது போல மாற்றி, பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் போட்டேன். முடிந்ததை வெட்டியெடுப்பது களவு என்று நானே எழுதினேனே என்று கேட்பீர்கள். அந்த மெயிலை நான் மறக்கவில்லை. ஆனால் அப்போது விளையாட்டு வெளியாகியிருக்கவில்லை. வெளியாகாத பொருள் முடிந்த பொருள் ஆகாது.

விளையாட்டை அத்தையின் போனில் ஏற்றிக் கொடுத்தேன், சும்மாதான். யானையைக் கொடுத்தவன் அங்குசத்துக்குப் பிணங்குவதா என்பார்கள். யானைக்கு நான் காசே வாங்கவில்லை. அங்குசத்துக்குத்தான் கேட்டேன், அதையும் ஒரேயடியாகக் கேட்காமல் நான்காகப் பிரித்தேன். முதலாவதை வாங்கினால் கூப்பிட்டதும் மகன் முற்றத்துக்கு வருவான். இரண்டாவதில் உட்கார்ந்து சாப்பிடுவான். மூன்றாவதில், சொம்பை நீட்டும்போது திருப்பிய முகத்தை இந்தப் பக்கம் கொண்டுவந்து சொம்பைப் பார்ப்பான். நான்காவதில் குடிப்பான். ஒன்றை வாங்காமல் அடுத்ததை வாங்க முடியாது. இது நான் கண்டுபிடித்த முறையில்லை, உலகம் பூராவும் இருப்பதுதான்.

வாங்குங்கள் என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. அவராக வருவார், பணத்தை என் கையில் கொடுப்பார், நான் அவர் போனில் பூட்டுக்கான எண்ணை அடித்துத் திறந்துவிடுவேன். மூன்றாவதற்குப் பேளுக்குறிச்சிச் சந்தையில் இரண்டு ஆட்டை விற்றுவிட்டு வந்தார். திறந்துவிட்டேன். கார்த்தி முகத்தைத் திருப்பிச் சொம்பைப் பார்த்தான். அத்தை போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “குடி சாமி, அம்மா தெரியாமப் பேசிட்டேன்” என்றார். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது, அதை நான் பயன்படுத்திக்கொண்டேன் என்று அவர் மகள் வளர்மதி எழுதிக் கொடுத்திருக்கிறாள். அது தவறு. அத்தை தெளிவாகத்தான் இருந்தார். நானே ஒருநாள், “இது வெறும் விளையாட்டுங்க அத்தை” என்று சொன்னேன். “பொம்மைன்னு எனக்குத் தெரியாதா கண்ணு. கொரலு அவனுதுதானே” என்றார். விவரம் தெரிந்து வாங்குகிறவருக்கு விற்பதை எந்த ஊரிலும் மோசடி என்று சொல்வதில்லை.

வெளியுலகத்தில் அந்த விளையாட்டை நாற்பத்தோரு பேர் இறக்கிப் பார்த்தார்கள். ராசிபுரத்திலிருந்து யுவராஜ் என்று ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டு, ‘பெத்த புள்ள தண்ணி குடிக்கக்கூடக் காசாடா?’ என்று எழுதினார். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. உழைப்பின் அருமை தெரியாதவர்கள். நாற்பத்தோரு பேரில் ஒருவர்கூட எதையும் வாங்கவில்லை. என் ஒரே வாடிக்கையாளர் ராஜாமணி அத்தைதான்.

அதனால்தான் நான்காவதற்குச் சலுகை வைத்தேன். விலை ஆறாயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைவு. போகி வரைக்கும் பாதி விலை. பூட்டுப் படத்துக்குக் கீழே இன்னும் எத்தனை நாள் என்று ஒரு எண் ஓடும். தினமும் ஒன்று குறையும்.

மிளகு தை பிறந்த பிறகுதான் பழுக்கும். இது எனக்கும் தெரியும், மலையில் எல்லோருக்கும் தெரியும். அத்தை மார்கழி பாதியில் வந்தார்.

“மொளகு பறிச்சதும் முழுசாத் தந்தர்றேன். அந்தத் தேதிய மட்டும் கொஞ்சம் தள்ளி வெய்யி சாமி.”

“தேதி எல்லாருக்கும் பொதுவுங்க அத்தை. ஒருத்தருக்குன்னு மாத்துனா மத்தவங்களுக்கு அநியாயம்” என்றேன்.

“ஆமா, அதுவும் நாயந்தான்” என்றார். நீங்கள் அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். நியாயம் என்று அவரே சொன்னார்.

அவர் காட்டில் விளையும் மிளகுக்கு வியாபாரியிடம் அந்த வருட முன்பணம் வாங்கி முன்பே செலவாகியிருந்தது. ஓடைக்கரையில் ஒற்றையாக நின்ற சில்வர் ஓக் மரத்துக் கொடி மட்டும் அந்தக் கணக்கில் வராதது. பச்சை மிளகை ஊறுகாய்க்கு வாங்குவார்கள், விலை பாதிகூடத் தேறாது. போகிக்கு மூன்று நாள் இருக்கும்போது, காலை பத்து மணி வாக்கில், அத்தை அந்த மரத்தில் ஏணியைச் சாத்தி ஏறியிருக்கிறார். எங்கள் மிளகு ஏணியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒற்றை மூங்கில், கணுவில் விட்ட குச்சிதான் படி. பழகிய ஆண்களே கீழே ஆள் நிறுத்திக்கொண்டுதான் ஏறுவார்கள். அத்தைக்கு அறுபதை ஒட்டிய வயது, கீழே ஆள் இல்லை. ஆட்கள் போய்ப் பார்க்கும்போது உயிர் இல்லை. மடியில் கட்டிய பச்சை மிளகு சிந்தவில்லை.

இதில் என் பங்கு என்ன என்று நானும் யோசித்துப் பார்த்தேன். ஏணியை நான் சாத்தவில்லை. மரத்தில் ஏறச் சொல்லவில்லை. விளையாட்டில் மிளகு பறிக்கும் இடத்தில், ‘துணைக்கு ஆள் இல்லாமல் ஏற வேண்டாம்’ என்று ஒரு எச்சரிக்கைகூட வைத்திருக்கிறேன். அது இலவசம்.

காரியம் முடிந்ததும் வளர்மதி அத்தையின் போனோடு என் வீட்டுக்கு வந்தாள். நாமக்கல்லில் நர்ஸாக இருக்கிறவள், நிதானமானவள்.

“மாமா, இந்தப் பூட்டத் தொறங்க.”

திறந்தேன். காசு கேட்கவில்லை. வாங்கிக்கொண்டிருந்தவர் போன பிறகு பூட்டி வைத்து என்ன பயன்? கார்த்தி சொம்பை வாங்கி, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை குடித்து, துண்டால் வாயைத் துடைத்தான். வளர்மதி அதைப் பார்த்துவிட்டுச் சத்தமாக அழுதாள். “அண்ணன் குடிக்கற மாதிரியே இருக்குதுங்களே மாமா. இத எப்பச் செஞ்சீங்க?” என்று கேட்டாள். நான் பொய் சொல்லிப் பழகாதவன். ஆடியிலேயே முடித்துவிட்டேன் என்றேன். அவள் நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது. மறைக்க மாட்டேன் என்று சொல்லியிருப்பதால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று காலை கார்த்தி வண்டியில் நானும் இருந்தேன். செம்மேடு வரை போக வேண்டும் என்று வழியில் ஏறிக்கொண்டேன். நூறு அடி போனதும் வண்டியை நிறுத்தி, “இருடா மாப்ள, வாரேன்” என்று இறங்கி வீட்டைப் பார்த்து ஓடினான். நானும் பின்னாலேயே போனேன். அத்தை வாசலில் இல்லை, வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக்குத் தழை வெட்டும் சத்தம் கேட்டது. சொம்பு வாசல் கல்லின் மேல் இருந்தது. கார்த்தி அதை எடுத்து அண்ணாந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தான். அவசரமாக வைத்ததில் சொம்பு உருண்டு மண்ணில் விழுந்தது. தண்ணீரை ஆடு தட்டிவிட்டது என்றுதான் அத்தை சாகும்வரை நினைத்துக்கொண்டிருந்தார். “சாயங்காலம் வந்து நானே சொல்லிக்கறேன், இப்பச் சொன்னா அது அழுவும்” என்று சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினான். என்னைச் செம்மேட்டில் இறக்கிவிட்டுத்தான் கீழே போனான்.

இந்த ஒரு வார்த்தையை அத்தையிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நானும் பலமுறை சொல்ல நினைத்ததுண்டு. ஆனால் அதை நான் சொல்லிவிட்டால் அப்புறம் நான்காவதை யார் சார் வாங்குவார்கள்?